பழைய லாரியின் மூச்சொலி

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம் முன்னோர் வாக்கு. பழைய லாரிக்கும் இது பொருந்தும். இஞ்சினுக்கு நேரவிருக்கும் கேடு பின்னால் வருகிறது. அதை அறிவிக்கும் ஓசை முன்னதாகவே வந்துவிடுகிறது. அந்த ஓசையின் பொருளை உணர்பவர் பிழைத்துக்கொள்கிறார். வெறும் தொந்தரவு என்று எண்ணி அதை அமுக்கப் பார்ப்பவர், சில மாதங்களில் இஞ்சினையே பிரித்துப் போடவேண்டியவராகிறார்.

தமிழகத்தை விட்டு வந்து வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவரில், லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களிலிருந்து வரும் வண்டிகளை நாட்டின் எந்த மூலையிலும் காணலாம். புது வண்டி வாங்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பல ஆண்டுகள் ஓடிய வண்டியைக் கடன் பட்டு வாங்கி, அதைக் கொண்டே பிள்ளைகளின் படிப்பையும் வீட்டு வாடகையையும் நடத்துகிறவர் எத்தனையோ பேர். அத்தகைய வண்டியில் கம்பெனி பொருத்தி அனுப்பிய ஏர் கிளீனர் நிலைத்திருப்பது அரிது. துருப்பிடித்தது என்றோ, எண்ணெய் மாற்றுவது தொல்லை என்றோ அதைக் கழற்றிவிட்டு, கடைத்தெருவில் கிடைத்த ஒரு டப்பாவையும் ஒரு குழாயையும் இரண்டு ரப்பர் ஹோஸையும் யாரோ ஒருவர் பொருத்தியிருப்பார். அன்று முதல் வண்டி ஊளையிடும். அல்லது சீழ்க்கை அடிக்கும். அல்லது மேடு ஏறும்போது சீறும். அந்த ஓசைகளைப் பகுத்தறிவது எப்படி, தீர்ப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஞ்சின் வாங்கும் மூச்சு

டாட்டா லாரிகளில் நெடுங்காலம் ஓடிய 697 என்னும் ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சினை உதாரணமாகக் கொள்வோம். அதன் கொள்ளளவு 5,675 கன சென்டிமீட்டர். நான்கு வீச்சு இஞ்சின் ஆதலால், அதன் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை உள்ளிழுக்கும். நிமிஷத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது, கணக்குப்படி ஒரு நிமிஷத்தில் சுமார் 5,675 லிட்டர் காற்று அதற்குத் தேவை. டர்போ இல்லாத இஞ்சினில் நடைமுறையில் இது சற்றுக் குறையும்; டர்போ உள்ளதில் மிகும். ஒரு மணி நேர ஓட்டத்தில் மூன்று லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட காற்று அந்த ஒரு குழாய் வழியே உள்ளே செல்கிறது என்றால், அந்தக் குழாயின் முக்கியத்துவத்தை நாம் உணரலாம்.

இந்தக் காற்று ஆற்று நீர் போல ஒரே சீராகச் செல்வதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது வெடுக்கென்று இழுக்கிறது. ஆறு சிலிண்டர் இஞ்சினில் ஒரு சுற்றுக்கு மூன்று இழுப்பு. 2,000 சுற்றில் நிமிஷத்துக்கு 6,000 இழுப்பு. அதாவது வினாடிக்கு 100. வினாடிக்கு 100 அதிர்வு என்பது செவிக்குக் கனத்த முழக்கமாகக் கேட்கும். ஆகவே உறிஞ்சும் குழாயில் ஒலி எழுவது குற்றம் அன்று. அது இஞ்சினின் இயல்பு. அதை வெளியே கேளாதபடி அடக்கி வைப்பதுதான் அமைத்தவரின் திறமை.

பழைய எண்ணெய்த் தொட்டி ஏர் கிளீனரை நினைத்துப் பாருங்கள். காற்று கீழே இறங்கி, எண்ணெயின் மேல் மோதித் திரும்பி, கம்பி வலையின் ஊடே மேலே சென்றது. தூசி எண்ணெயில் படிந்தது. அந்தப் பெரிய இரும்புக் கலமும் வளைந்த வழியும் தூசியை மட்டுமன்றி ஓசையையும் விழுங்கின. பின்னால் வந்த காகித வடிகட்டி டப்பாக்களிலும், அகன்ற வயிறும் ஒடுங்கிய வாயும் அளவு பார்த்தே அமைக்கப்பட்டன. கடைச் சாமானில் இந்தக் கணக்கு எதுவும் இருப்பதில்லை. டப்பா சிறியது, தகடு மெல்லியது, குழாய் நேராகத் திறந்திருக்கும். இன்னும் சிலர் டப்பாவே இல்லாமல், திறந்த கூம்பு வடிகட்டியை இஞ்சினுக்கு அருகிலேயே மாட்டிவிடுகிறார்கள். முழக்கம் நேரே கேபினுக்குள் வந்துவிடுகிறது.

நான்கு வகை ஓசை

வட நாட்டு மிஸ்திரியிடம் சென்று "ஆவாஜ் வருகிறது" என்று மட்டும் சொன்னால் பயனில்லை. அவர் தமக்குத் தெரிந்த ஒன்றைக் கழற்றிப் பார்ப்பார். சீட்டியா, கூஞ்ஜா, கட்-கட்டா என்று வகை பிரித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலாவது, கனத்த முழக்கம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் எழுந்து, அதைத் தாண்டியதும் தணியும். இது இழுப்பின் அதிர்வுகள் குழாயின் நீளத்தோடு ஒத்திசைவதால் உண்டாவது. காதுக்குத் துன்பம், இஞ்சினுக்கு நேரடித் தீங்கில்லை.

இரண்டாவது, கடகடப்பு. இஞ்சின் நின்ற நிலையில் மெதுவாக ஓடும்போது மிகுதியாகக் கேட்கும். டப்பாவைத் தாங்கும் பிராக்கெட் தளர்ந்திருக்கும். ரப்பர் வாஷர் போடாமல் இரும்போடு இரும்பை முடுக்கியிருப்பார்கள். அல்லது குழாய் சேஸிஸில் உராயும். இன்று இது சிறு தொந்தரவு. நாளை உராய்ந்த இடத்தில் ஓட்டை விழும்.

மூன்றாவது, சீழ்க்கை. மெல்லிய, கூர்மையான ஒலி. எங்கோ ஒரு சிறு துவாரம் வழியே காற்று நுழைகிறது அல்லது வெளியேறுகிறது என்பதற்கு இதுவே அடையாளம்.

நான்காவது, சீற்றம். டர்போ உள்ள வண்டியில், லோடு ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் கேட்கும். டர்போவுக்கும் இஞ்சினுக்கும் இடையிலுள்ள ஹோஸ் விரிசல் கண்டு, அழுத்திய காற்று வெளியே பீறிடுகிறது. கரும்புகையும், இழுவைக் குறைவும், டீசல் செலவும் உடன் வரும்.

இந்த நான்கிலும் அஞ்சத்தக்கது சீழ்க்கையே. வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையே, டர்போ இல்லாவிடில் வடிகட்டிக்கும் இஞ்சினுக்கும் இடையே, ஒரு நூலளவு இடைவெளி இருந்தாலும் வடிகட்டாத காற்று அவ்வழியே உள்ளே புகும். சாலைப் புழுதியில் உள்ள மணற்பொடி, சிலிண்டர் லைனரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. பிஸ்டன் வளையத்துக்கும் லைனருக்கும் நடுவிலுள்ள எண்ணெய்ப் படலமோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனமே உடையது. அங்கே புகுந்த பொடி உப்புத்தாள் போல் தேய்க்கும். எண்ணெய் குறையும், நீலப்புகை வரும், காலையில் வண்டி கிளம்பாது. கல் உடைக்கும் குவாரிகளிலும் ராஜஸ்தானத்துப் புழுதிச் சாலைகளிலும் ஓடும் வண்டிகளுக்கு இந்தக் கேடு மிக விரைவில் நேரும்.

ஓட்டையைக் கண்டுபிடித்தல்

பெரிய கருவிகள் வேண்டியதில்லை. முதற் சோதனைக்கு ஒரு வெள்ளைத் துணி போதும். இஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, வடிகட்டிக்கு அப்பால் உள்ள குழாயைக் கழற்றி, அதன் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். துணி சுத்தமாக இருந்தால் நல்லது. மண் நிறத் தூசி ஒட்டினால், விரலுக்கிடையே தேய்க்கும்போது நறநறத்தால், அந்த ஓசை முழக்கமோ சீழ்க்கையோ, வண்டியை அப்படியே லோடுக்கு அனுப்பலாகாது. தூசிக் கோடு எந்த இணைப்பிலிருந்து தொடங்குகிறதோ, ஓட்டை அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது சோதனை வடிகட்டியின் ரப்பர் விளிம்புக்கு. அதன்மேல் சுண்ணாம்புக் கட்டியை லேசாகத் தேய்த்து, டப்பாவில் வைத்து மூடியை முடுக்கி, மீண்டும் திறந்து பாருங்கள். டப்பாவின் விளிம்பில் முழு வட்டமாகச் சுண்ணாம்புத் தடம் பதிந்திருக்க வேண்டும். வட்டம் எங்கே அறுந்திருக்கிறதோ, அங்கே தூசிக்கு வழி திறந்திருக்கிறது. கடைச் சாமானில் டப்பா ஓர் அளவிலும் வடிகட்டி வேறோர் அளவிலும் அமைந்துவிடுவது உண்டு. மூடி மூடிக்கொண்டது என்பதாலேயே அடைப்பு சரியாகிவிடாது.

மூன்றாவது, சோப்பு நீர்ச் சோதனை. இஞ்சினை நிறுத்திவிட்டு, டப்பாவின் வாயை ஒரு ரப்பர்த் தட்டால் அடைத்து, அதன் வழியே சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டுக்கு மேற்படாத அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீரைப் பூச வேண்டும். நுரை பொங்கும் இடம் ஓட்டை. பிரேக்குக்குக் காற்றளிக்கும் கம்ப்ரஸர், சில லாரிகளில் இதே குழாயிலிருந்துதான் காற்றை எடுக்கிறது. அதற்குச் செல்லும் சிறு ரப்பர் குழாய் வெடித்திருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அங்கேயும் சோப்பு நீர் பூசுங்கள்.

ஓர் எச்சரிக்கை அவசியம். ஓட்டையைத் தேடுகிறேன் என்று, ஓடும் டீசல் இஞ்சினின் உறிஞ்சும் குழாயருகே பெட்ரோலையோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயையோ தெளிக்கவே கூடாது. உள்ளே போன எரிபொருளைக் கொண்டு இஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடிவிடக்கூடும். டர்போவின் திறந்த வாய்க்கு எதிரே கையையோ துணியையோ கொண்டுபோவதும் ஆபத்து. ஓசை உலோகம் உராய்வது போலச் சங்கொலியாக நீண்டால், டர்போவின் சக்கரமே உறையில் உரசுகிறது என்று சந்தேகித்து வண்டியை உடனே நிறுத்துவதே விவேகம்.

தீர்க்கும் முறை

கடகடப்புக்கு மருந்து எளிது. பிராக்கெட்டை இஞ்சினோடு பிணைக்காமல் சேஸிஸோடு பிணைத்து, நடுவே ரப்பர் வாஷர் வைத்து முடுக்குங்கள். இஞ்சின் தன் தாங்கிகளின்மேல் அசையும், டப்பா அசையாது. ஆதலின் இரண்டுக்கும் இடையே வளைந்துகொடுக்கும் ரப்பர் ஹோஸ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். முழுவதும் இரும்புக் குழாயாகவோ பிளாஸ்டிக் குழாயாகவோ போட்டுவிட்டால் இணைப்புகள் விரிசல் காணும். வீட்டுத் தண்ணீர்க் குழாயை வாங்கிப் பொருத்துவதும் சரியன்று. இஞ்சின் சூட்டில் அது இளகி வடிவம் மாறும்.

சீழ்க்கைக்கும் சீற்றத்துக்கும் மருந்து, வெடித்த ஹோஸை மாற்றுவதே. டேப் சுற்றுவது மருந்தாகாது. குழாயின் முனையில் சிறு வரம்பு எழுப்பியிருந்தால்தான் கிளிப் வழுக்காமல் பிடிக்கும். மழமழவென்ற முனையாயின் பற்றவைப்பவரிடம் கொடுத்து வரம்பு எழுப்பச் சொல்லுங்கள். ஹோஸின் விட்டம் குழாயின் விட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். பெரிய ஹோஸைக் கிளிப்பால் இறுக்கினால் மடிப்பு விழும். அந்த மடிப்பே ஓட்டை. டப்பாவின் அடியில் தூசி உதிர்வதற்காக உள்ள ரப்பர் மூக்கு கிழிந்தோ காணாமலோ போயிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

இனி முழக்கம். ஓட்டைகளை எல்லாம் அடைத்த பின்னரே இதைத் தொட வேண்டும். கடையில் விற்கும் பஞ்சை வாங்கிக் குழாயில் அடைப்பது, வாயைச் சுருக்குவது ஆகிய இரண்டும் மூக்கைப் பொத்தி ஓடச் சொல்வதை ஒக்கும். ஓசை குறையும், மூச்சும் குறையும். பிய்ந்த பஞ்சு டர்போவுக்குள் போனால் அதோடு டர்போவின் கதையும் முடிந்தது.

சரியான வழி வேறு. வாய் குறுகிய குடுவையின் விளிம்பில் ஊதினால் ஒரே சுருதியில் ஒலி எழும். குடுவையின் வயிறும் கழுத்தும் சேர்ந்து அந்தச் சுருதியை நிர்ணயிக்கின்றன. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-ல் வெளியிட்ட நூலில் இத்தகைய குடுவைகளைக் கொண்டு ஒலிகளைப் பகுத்தாராய்ந்தார். இதே குடுவையைக் குழாயின் பக்கவாட்டில் பொருத்தினால், அது தன் சுருதிக்குரிய அதிர்வை விழுங்கும். காற்றின் பாதையில் தடை ஏதும் இல்லை.

கணக்கும் கடினமன்று. முழக்கம் எந்தச் சுற்றில் எழுகிறதென்று பாருங்கள். 2,000 சுற்றில் எழுந்தால், ஆறு சிலிண்டருக்கு வினாடிக்கு 100 அதிர்வு. கழுத்தின் உள்விட்டம் 5 சென்டிமீட்டர், நீளம் 6 சென்டிமீட்டர், வயிறு சுமார் 6 லிட்டர் என்று கனத்த தகட்டில் ஒரு கலம் செய்தால் அது ஏறக்குறைய அந்தச் சுருதிக்கு ஒத்துவரும். நான்கு சிலிண்டர் இஞ்சினாயின் அதே 2,000 சுற்றில் அதிர்வு சுமார் 67. அதே கழுத்துக்கு வயிறு இருமடங்குக்கு மேல், சுமார் 13 லிட்டர் வேண்டும். முதலில் செய்த அளவு சற்றுத் தப்பினால், கழுத்தை நீட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். நீட்டினால் சுருதி இறங்கும், குறைத்தால் ஏறும். இந்தக் கலத்தை வடிகட்டிக்கு முன்னுள்ள குழாயில்தான் பொருத்த வேண்டும். அங்கே ஒரு பற்றவைப்பு விட்டுப் போனாலும், உதிர்ந்த துரு உள்ளே போனாலும், வடிகட்டி தடுத்துக்கொள்ளும்.

உறிஞ்சும் வாயை எங்கே வைப்பது என்பதும் யோசிக்கத்தக்கது. கேபினுக்குப் பின்னே உயரத்தில், ஓட்டுநரின் காதுக்கு எதிர்ப்புறமாக அமைத்தால் மூன்று நன்மை உண்டு. ஓசை விலகும். சக்கரப் புழுதி எட்டாது. மும்பை மழைக்காலத்தில் சாலை குளமாகும்போது இஞ்சின் தண்ணீரை உறிஞ்சாது. தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். அன்றியும் இஞ்சினருகே சூடான காற்றை இழுப்பது நஷ்டம். காற்றின் சூடு 10 டிகிரி ஏறினால் அதன் அடர்த்தி நூற்றுக்கு 3 பங்கு குறைகிறது.

எல்லாம் முடிந்தபின் ஒரு சரிபார்ப்பு. வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயில் ஒரு சிறு முனை வைத்து, அதில் U வடிவாக வளைத்த கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, பாதியளவு வண்ண நீர் ஊற்றுங்கள். நீர் உள்ளே இழுபடாதிருக்க, ஒவ்வொரு கையும் ஒரு மீட்டருக்கு மேல் உயரம் இருக்கட்டும். முழு லோடில், முழு வேகத்தில் இரு பக்க நீர்மட்ட வித்தியாசத்தைப் பாருங்கள். டர்போ டீசல்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச வரம்பு 25 அங்குலம், அதாவது 635 மில்லிமீட்டர். புது வடிகட்டி போட்டிருக்கும்போதே அதை நெருங்கினால், அந்த டப்பா உங்கள் இஞ்சினுக்குச் சிறியது. ஓசை போனாலும் அதை வைத்துக்கொள்ளலாகாது. சோதனை முடிந்ததும் அந்த முனையை இறுக அடைத்துவிட மறவாதீர்கள்.

செவிக்கும் சட்டத்துக்கும்

ஓட்டுநரின் செவியும் ஒரு கருவிதான். ஆனால் அதற்கு மாற்றுச் சாமான் கடையில் இல்லை. 85 டெசிபல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது காதுக்கு வல்லுநர் கூறும் எல்லை. ஓசை 3 டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகிறது. கைப்பேசியிலுள்ள ஒலி அளக்கும் செயலி துல்லியமாக இராவிடினும், பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தைக் காட்டப் போதும். வீட்டுக்கு வந்த கணவரோ தகப்பனாரோ தொலைக்காட்சியை உரக்க வைக்கச் சொல்கிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால், அதைக் கோபமென்றோ அசட்டை என்றோ கொள்ளாமல், காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வண்டியையும் ஒருமுறை பாருங்கள்.

அண்டை வீட்டாரும் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகனத்தை மாற்றியமைப்பதைப் பற்றியும், 190-ஆம் பிரிவு ஒலி, காற்று மாசு அளவுகளை மீறுவதைப் பற்றியும் பேசுகின்றன. ஆகவே இயன்ற வரையில் அந்த மாடலுக்கு உரிய ஏர் கிளீனரையே தேடிப் பொருத்துவது எல்லாவற்றிலும் நன்று. பழைய வண்டி உடைக்கும் சந்தைகளில், நசுங்காத நல்ல டப்பா பல வேளைகளில் புதிய கடைச் சாமானைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கும். அதற்குப் புது வடிகட்டியும் புது ரப்பரும் போட்டால், மேலே சொன்ன குடுவைக்கும் வேலை இராது.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் வெள்ளைத் துணி, பிறகு ஓட்டை, பிறகு கடகடப்பு, கடைசியில் முழக்கம். ஓசையை அடக்கிவிட்டு ஓட்டையை மறந்தவரின் வண்டி அமைதியாகத்தான் கெட்டுப்போகும். ஓட்டையை அடைத்தவரின் வண்டி சற்றே முழங்கினாலும், அந்தக் குடும்பத்துக்கு இன்னும் பல ஆண்டு சோறு போடும்.